தட்டைத் துணி, உருண்டைக் குழந்தை

பழைய வேட்டியைச் சதுரமாகக் கிழித்து, முக்கோணமாக மடித்து, குழந்தைக்கு லங்கோடு கட்டிய வீடுகளில் எல்லோருக்கும் இது தெரியும். இடுப்பில் அது கச்சிதமாகப் பிடித்து நிற்கும். குழந்தை உதைத்தாலும் புரண்டாலும் அவிழாது. ஆனால் தொடையோரம் மட்டும் எப்படிக் கட்டினாலும் வாய் திறந்தே இருக்கும். ஒழுகுவதும் அங்கேதான். அவிழ்த்துப் பார்த்தால் துணியில் பாதி காய்ந்து கிடக்கும். மடியில் வைத்திருந்தவரின் சேலை மட்டும் நனைந்திருக்கும்.

‘துணி பத்தல, இன்னொரு மடிப்பு வை’ என்பது வழக்கமான யோசனை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது சரியாக வரவில்லை. கைக்குழந்தைக்கு மணிக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 2 மில்லிலிட்டர் சிறுநீர் சேரும் என்று வைத்துக்கொள்ளலாம். ஏழரைக் கிலோ குழந்தைக்கு மூன்று மணி நேரத்தில் 45 மில்லி. ஒரு சின்ன டம்ளரில் பாதிகூட வராது. நாலு மடிப்புப் பழைய வேட்டி இதை எளிதாகக் குடித்துவிடும், அவகாசம் கொடுத்தால். குழந்தையோ அந்த 45 மில்லியையும் சில நொடிகளில் விட்டுவிடுகிறது. துணி குடித்து முடிக்கும்வரை நீரை உள்ளேயே மறித்து வைக்க ஒரு வரப்பு வேண்டும். தொடையோரத்தில் அந்த வரப்பு இல்லை. அதனால் துணி டயப்பர் தைக்க நினைப்பவர் முதலில் கவலைப்பட வேண்டியது வடிவத்தைப் பற்றி. தடிமனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வடிவம் சரியாக அமைய, நமக்குத் தேவையான பேட்டர்னை நாமே வரைந்துகொள்வதே நல்லது. அதற்குக் கொஞ்சம் வடிவியல் வேண்டும். பயப்படும் அளவுக்கு இல்லை.

பாவும் ஊடையும்

1878 ஆகஸ்டில் பாரிஸில் ஓர் அறிவியல் மாநாடு நடந்தது. ரஷ்யக் கணிதமேதை செபிஷேவ் அங்கே பேச எடுத்துக்கொண்ட தலைப்பு, ‘உடைகளை வெட்டுவது பற்றி’. பகா எண்களிலும் நிகழ்தகவிலும் பெயர் பெற்றவர் தையல்காரர் வேலையில் தலையிட்டதைப் பலர் வேடிக்கையாகப் பார்த்திருப்பார்கள். ‘மனித உடலை ஓர் உருண்டை என்று வைத்துக்கொள்வோம்’ என்று அவர் தொடங்கியதும் கேட்க வந்திருந்த தையல்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள் என்று ஒரு கதைகூட உண்டு. கதை உண்மையோ பொய்யோ, அவர் அன்று சொன்ன கருத்து இன்றும் நிற்கிறது.

துணி என்பது பாவு நூலும் ஊடை நூலும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் ஒரு வலை. ஒவ்வொரு நூலும் ஏறத்தாழ நீளாது. ஆனால் இரண்டு நூல்கள் சந்திக்கும் இடத்தில் கோணம் மாறலாம். செங்கோணமாக இருந்தது சாய்ந்துகொள்ளும். துணி வளைந்து கொடுப்பதெல்லாம் இந்தச் சாய்வினால்தான் என்றார் செபிஷேவ்.

ஒரு கைக்குட்டையை எடுத்துப் பாருங்கள். எதிரெதிர் ஓரங்களைப் பிடித்து, நூல் ஓடும் திசையில் இழுத்தால் அசையாது. எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும். தையல்காரர்கள் ‘கிராஸ்’ என்று சொல்லும் திசை அது. ரவிக்கைக் கழுத்துக்குப் பட்டி வைக்கக் கிராஸாகத் துணி வெட்டுவது இதனால்தான்.

இப்போது லங்கோட்டுக்குத் திரும்புவோம். சதுரத்தை மூலைக்கு மூலை மடிக்கும்போது முக்கோணத்தின் நீண்ட பக்கம், அதாவது மடிப்பு விழும் பக்கம், அசல் கிராஸ். அதுதான் இடுப்பைச் சுற்றிப் போகிறது. எனவே நீண்டு, இறுகி, பிடித்துக்கொள்கிறது. குட்டையான இரு பக்கங்களும் நூல் பிடித்து வெட்டியவை, துளியும் நீளாதவை. அவைதான் தொடைகளைச் சுற்ற வேண்டியிருக்கிறது. இடுப்பில் பிடிப்பதும் தொடையில் வாய் திறப்பதும் ஒரே காரணத்தின் இரண்டு பலன்கள்.

கடலைப் பொட்டலம் தேங்காய்க்குப் பொருந்தாது

தொடையோரத்தையும் கிராஸாக வெட்டிவிட்டால் போதுமா? கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். சிக்கல் இன்னும் ஆழத்தில் இருக்கிறது.

ஒரு தாளைக் கூம்பாகச் சுருட்டிக் கடலைப் பொட்டலம் போடலாம். உருளையாகச் சுருட்டலாம். எதிலும் தாள் கசங்காது. அதே தாளை ஒரு தேங்காய்மேல் படியவைக்கப் பாருங்கள். எங்காவது சுருக்கம் விழும், அல்லது கிழியும். ஜெர்மானியக் கணிதமேதை காஸ் 1827-இல் இதற்குக் காரணம் காட்டினார். பரப்பை நீட்டாமல் சுருக்காமல் எத்தனை வளைத்தாலும் அதில் மாறாத ஒரு வளைவு உண்டு. தாளுக்கு அது சுழியம். தேங்காய்க்குச் சுழியம் அல்ல. ஒன்று மற்றொன்றாக மாற முடியாது.

இந்த வளைவில் இரண்டு வகை. எல்லாத் திசையிலும் ஒரே பக்கமாக வளைவதை மேட்டு வளைவு என்போம். ஒரு திசையில் மேலேயும் அதற்குக் குறுக்கே கீழேயும் வளைவதைச் சேண வளைவு என்போம், குதிரைச் சேணம் அப்படி இருப்பதால். குழந்தையின் புட்டம் மேட்டு வளைவு. இரண்டு கால்களுக்கும் நடுவே இருப்பது சேண வளைவு: முன்னிருந்து பின்னாகப் போனால் உடல் மேல்நோக்கி வளைகிறது, இடமிருந்து வலமாகப் போனால் தொடைகளோடு கீழ்நோக்கி இறங்குகிறது. ஒரு சாண் இடைவெளிக்குள் இந்த இரண்டு வளைவும் வந்துவிடுகின்றன. பெரியவர்களின் கால்சட்டையைவிட டயப்பரை வரைவது கடினம் என்று கட்டிங் மாஸ்டர்கள் சொன்னால் நம்பலாம்.

ஒன்றுக்கு வெட்டு, மற்றதற்குச் சுருக்கு

மேட்டு வளைவுக்கு என்ன செய்வது? 10 சென்டிமீட்டர் நூலின் ஒரு முனையை மேசைமேல் அழுத்திப் பிடித்து, மறுமுனையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் அதன் சுற்றளவு ஏறத்தாழ 63 சென்டிமீட்டர். அதே நூலை ஒரு பந்தின் உச்சியில் பிடித்து, மறுமுனை பந்தின் நடு வயிற்றைத் தொடும்படி வைத்துச் சுற்றுங்கள். நூல் அதே 10 சென்டிமீட்டர்தான். ஆனால் சுற்றளவு சரியாக 40. அதாவது தட்டையான வட்டத் துணி அந்தப் பந்தில் அமர வேண்டுமென்றால் அதன் ஓரத்தில் 23 சென்டிமீட்டர் மிச்சம். அதை எங்காவது ஒளித்தாக வேண்டும்.

ரவிக்கையில் அந்த மிச்சத்தை டார்ட் பிடித்து ஒளிக்கிறார்கள். டயப்பருக்கு டார்ட் ஒத்து வராது. குழந்தை அந்தத் தையல்மேல் உட்கார வேண்டும். தையல் போகிற வழியெல்லாம் ஊசித் துளைகள் வேறு. எனவே ஓரத்தில் எலாஸ்டிக் வைத்துச் சுருக்குகிறோம். ஓரம் குறுகியதும் நடுத்துணி தானாகக் குழிந்து கிண்ணமாகிறது. அந்தக் கிண்ணத்தில் புட்டம் உட்காருகிறது.

சேண வளைவுக்கு நேர் எதிர். அங்கே ஓரம் தட்டைத் துணியில் இருப்பதைவிட நீளமாக இருக்க வேண்டும். துணியில் இல்லாத நீளத்தை எங்கிருந்து கொண்டுவருவது? இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. சிக்கல் செய்யும் துணியையே வெட்டி எறிந்துவிடலாம். கால்களுக்கு நடுவே ஒரு குறுகிய பட்டையை மட்டும் விட்டால், அது முன்னிருந்து பின்னாக ஒரு திசையில் வளைந்தால் போதும், கடலைப் பொட்டலத் தாளைப் போல.

டயப்பர் என்றதும் நினைவுக்கு வரும் அந்த வடிவம், நடுவில் இடுங்கி இரு முனையும் அகன்ற வடிவம், இப்படித்தான் பிறக்கிறது. ஒரு டென்னிஸ் பந்தின் மேலுறையைப் பிரித்தால் ஏறக்குறைய இதே வடிவில் இரண்டு துண்டுகள் கிடைக்கும். செபிஷேவும் பாரிஸில் இரண்டே துண்டுத் துணியால் ஒரு பந்தை மூடிக் காட்டினார்.

ஏழரைக் கிலோ குழந்தைக்கு ஒரு பேட்டர்ன்

இனி இஞ்ச் டேப்பை எடுக்கலாம். சென்டிமீட்டர் பக்கத்தைப் பயன்படுத்துங்கள். பின்னக் கணக்கு மிச்சம். நம் உதாரணக் குழந்தைக்கு எடை ஏழரைக் கிலோ. மூன்று அளவுகள் போதும். தொப்புளுக்குக் கீழே இடுப்புச் சுற்று 42. தொடை இடுப்போடு சேரும் மடிப்பு வழியாகத் தொடைச் சுற்று 26. முன்பக்கம் தொப்புளுக்குக் கீழிருந்து காலிடுக்கு வழியாகப் பின் இடுப்புவரை 38. இந்தக் கடைசி அளவைக் குழந்தை படுத்திருக்கும்போது, கால்களைத் தளர்வாக மடக்கிவிட்டு எடுப்பது நல்லது. இரண்டு பேர் இருந்தால் வேலை சுலபம்.

38-ஐ அப்படியே தாளில் வரைந்தால் டயப்பர் குட்டையாகிவிடும். அளந்தது வெற்று உடம்பை. உள்ளே உறிஞ்சும் துணித் திண்டு ஒன்று வரப்போகிறது. ஈரமானால் அது ஒரு சென்டிமீட்டர் தடிமனாவது இருக்கும். வெளித்துணி அந்தத் திண்டுக்கு வெளியே சுற்றி வர வேண்டும். முன்னிருந்து கீழே இறங்கிப் பின்னால் ஏறும் பாதை ஏறத்தாழ ஓர் அரைவட்டம். அரைவட்டத்தை ஒரு சென்டிமீட்டர் வெளியே தள்ளினால் நீளம் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேல் கூடும். வட்டம் சின்னதா பெரியதா என்பது பொருட்டே இல்லை. இது பலருக்கு நம்பக் கடினமாக இருக்கும்; பாட்டில் மூடியிலும் வண்டிச் சக்கரத்திலும் நூல் சுற்றிப் பார்த்துக்கொள்ளலாம். ஆக நீளம் 38 இல்லை, 41.

ஒரு பிரவுன் தாளை நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். மடிப்புதான் குழந்தையின் நடுக்கோடு. மடிப்பின்மேல் 41 சென்டிமீட்டர் குறியுங்கள். மேல்முனை பின் இடுப்பு. அங்கே மடிப்பிலிருந்து 18 தள்ளி ஒரு புள்ளி வைத்து, அதிலிருந்து கீழே 6 இறங்குங்கள். இதுதான் இடுப்பைச் சுற்றி முன்னால் வரும் இறக்கை. கீழ்முனை முன் இடுப்பு. அங்கே 12 தள்ளிப் புள்ளி வைத்து, மேலே 7 ஏறுங்கள். நடுவில் காலிடுக்குப் பட்டை, மடிப்பிலிருந்து 7 அகலம், 9 நீளத்துக்கு நேர்கோடு. பின் இறக்கையின் கீழ் நுனியிலிருந்து நேர்கோட்டின் தொடக்கம்வரை 10 இறக்கத்தில் கால்வட்டம் போல ஓர் ஆழமான வளைவு. நேர்கோட்டின் முடிவிலிருந்து முன்பக்கப் புள்ளிவரை 9 இறக்கத்தில் மெல்லிய வளைவு. 6, 10, 9, 9, 7 கூட்டினால் 41 வருகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முன்வளைவும் பின்வளைவும் ஒன்றுபோல் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். முன்னால் தொடை மடங்கி மேலே வருகிறது; அங்கே துணி குறைவாக வேண்டும். பின்னால் புட்டத்தை மூட வேண்டும். முன்பின் ஒரே வளைவாக வெட்டிய டயப்பர்கள் கடையிலும் கிடைக்கின்றன. அவை பின்னால் ஏறிக்கொள்ளும்.

இடுப்புக் கணக்கு: முன் முழு அகலம் 24, பின் முழு அகலம் 36, மொத்தம் 60. பின் இடுப்பின் நடுவே வைக்கும் எலாஸ்டிக் 4 தின்றுவிடும். மிச்சம் 56. குழந்தைக்கு வேண்டியது 42. மீதி 14, பக்கத்துக்கு 7 வீதம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரும். டிச் பட்டன் வைக்க இந்த ஏழு சென்டிமீட்டர் இடம்தான்.

தொடைக் கணக்குதான் முக்கியம். டேப்பைக் குத்தாக நிறுத்திப் பிடித்து வளைவின் நீளத்தை அளந்தால் ஏறத்தாழ 37 வரும். அதில் 7, பட்டன் போடும்போது மேலேறிவிடும். தொடையைச் சுற்றி நிற்பது 30. தொடையோ 26. இடையே உள்ள 4 சென்டிமீட்டரைச் சுருக்குவது எலாஸ்டிக்கின் வேலை. வளைவின் நடுப்பகுதியில் 24 சென்டிமீட்டருக்கு எலாஸ்டிக் வைப்பதாகக் கொள்வோம். குழந்தை அணிந்திருக்கும்போது அந்த 24, 20 ஆகச் சுருங்கியிருக்க வேண்டும். எலாஸ்டிக் சும்மா கிடக்காமல் இலேசாகப் பிடிக்கவும் வேண்டும் என்பதால் 20-ஐவிடக் குறைத்து 17 வெட்டுகிறோம். 17-ஐ 24-க்கு இழுத்துப் பிடித்துத் தைத்தால், போட்டுவிட்டபின் அது 20-இல் வந்து நிற்கும்.

சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் தையலுக்கு விட்டு வெட்டுங்கள். தாளின் மடிப்புக் கோடு துணியின் பாவு நூலோடு சேர்ந்து ஓட வேண்டும். அப்போதுதான் நீளவாக்கில் துணி தொங்காது. வளைவுகள் தாமாகவே கிராஸ் திசைக்கு வந்து வளைந்து கொடுக்கும். அதே காரணத்தால் கையாளும்போதே வளைவோரம் இழுபட்டுவிடும். வெட்டிய உடனே ஓரத்தை ஒட்டி ஒரு தையல் ஓட்டிவிடுவது புத்திசாலித்தனம்.

எலாஸ்டிக் எங்கே அழுத்துகிறது

இடுப்பில் இதமாக இருக்கும் அதே எலாஸ்டிக் தொடையில் ஏன் சிவப்புக் கோடு போடுகிறது? இறுக்கம் ஒன்றாக இருந்தாலும் அழுத்தம் ஒன்றாக இருக்காது. வளைவு சின்னதாகச் சின்னதாக அழுத்தம் கூடும். நம் குழந்தைக்கு இடுப்பு 42, தொடை 26. ஒரே இறுக்கத்தில் தொடையின்மேல் விழும் அழுத்தம் இடுப்பைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல். சிவப்புக் கோடு கண்டால் எலாஸ்டிக்கை மாற்றுவதற்குமுன் அரை சென்டிமீட்டர் கூட்டித் தைத்துப் பாருங்கள்.

இதன் மறுபக்கம் இன்னும் சுவையானது. வளைவே இல்லாத இடத்தில் அழுத்தமும் இல்லை. குழிவான இடத்திலோ எலாஸ்டிக் உடம்பைத் தொடாமல் பாலம் போட்டுவிடும். குழந்தையின் தொடை மடிப்புக்கு அருகே இப்படிக் குழிகள் உண்டு. எலாஸ்டிக் தொடையின் கொழுத்த பாகத்தின்மேல் ஓடினால், அது எத்தனை இறுக்கமாக இருந்தாலும் குழியில் பாலம் போட்டு நீருக்கு வழிவிடும். ஒழுகுகிறதே என்று இன்னும் இறுக்கினால் சிவப்புக் கோடு கூடுமே தவிர ஒழுகல் நிற்காது. எலாஸ்டிக் மடிப்புக்குள்ளேயே, ஜட்டியின் ஓரம்போல அமர வேண்டும். அதற்குக் காலிடுக்குப் பட்டை அகலமாக இருக்கக் கூடாது. பட்டை அகலம் என்று தோன்றினால் பக்கத்துக்கு அரை சென்டிமீட்டர் குறைப்பதுதான் சரியான வைத்தியம். இந்த ஒரு விஷயம் புரிந்தவருக்குப் பாதி டயப்பர் கைவந்த மாதிரி.

ஒழுகாமலே நனைவது

சில நேரம் இடைவெளி எங்கும் இருக்காது, ஆனாலும் சட்டை நனைந்திருக்கும். இது நூலின் வேலை. பருத்தி இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய சந்துகளில் நீர் தானாக ஏறும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதே விதிப்படிதான். உள்துணியின் ஓரம் ஒரு மில்லிமீட்டர் வெளியே எட்டிப் பார்த்து, குழந்தையின் சட்டையைத் தொட்டால் போதும், நீர் கடந்துவிடும். உள்துணியை இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே தள்ளித் தைக்க வேண்டும். தையலுக்கும் பருத்தி நூல் வேண்டாம், பாலிஸ்டர் நூல் போதும்.

வெளியே நீர் புகாத துணி வைக்கிறவர்கள் இன்று பெரும்பாலும் பி.யூ.எல். வாங்குகிறார்கள், பாலிஸ்டர் பின்னல் துணியின் ஒரு பக்கத்தில் பாலியூரித்தேன் படலம் ஒட்டியது. அதில் குத்திய துளை மூடாது. குண்டூசி குத்துவதானால் தையலுக்கு விட்ட ஓரத்தில் மட்டும். தையலையும் சற்று நீளமாக வைத்தால் துளைகள் குறையும். நீர் புகாத மேலுறையில் பேர் வாங்கியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் மரியன் டோனவன். 1946-இல் குளியலறைத் திரையை வெட்டித் தன் குழந்தைக்கு மேலுறை தைத்தார். ஊக்குக்குப் பதிலாக அழுத்துப் பட்டன்களை வைத்தார். 1949-இல் அது நியூயார்க்கின் பெரிய கடைக்கு வந்தது, 1951-இல் காப்புரிமையும் கிடைத்தது.

திண்டுக்குப் புதுத் துணியைவிடப் பழைய வேட்டி மேல் என்பது வெறும் சிக்கனம் அல்ல. பருத்தியின்மேல் இயற்கையாகவே ஒரு மெழுகுப் பூச்சு உண்டு. ஆலையில் அதை நீக்கினாலும் கஞ்சியும் மெருகுப் பூச்சுகளும் ஏறிவிடும். பலமுறை துவைத்த துணியில் அவையெல்லாம் போய்விட்டிருக்கும். துணியை மென்மையாக்கும் திரவங்கள் அந்தப் பூச்சை வேறு வடிவில் திரும்பக் கொண்டுவருகின்றன. டயப்பர் துவைக்கும்போது அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

அடுத்த அளவு

உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் ஆண் குழந்தையின் நடுமதிப்பு எடை பிறக்கும்போது 3.3 கிலோ, ஒரு வயதில் 9.6. ஏறக்குறைய மூன்று மடங்கு. இதைப் பார்த்து அளவுகளும் தாறுமாறாக ஏறும் என்று மிரள வேண்டாம். உயரம் 49.9 சென்டிமீட்டரிலிருந்து 75.7 ஆகிறது, ஒன்றரை மடங்கு. எடை மூன்று மடங்காகி, அதில் ஒன்றரை உயரத்துக்குப் போய்விட்டால், குறுக்கு வெட்டுப் பரப்புக்கு மிஞ்சுவது இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. பரப்பு இரண்டு மடங்கானால் சுற்றளவு 1.4 மடங்குதான் ஆகும். முதல் ஆண்டு முழுவதிலும் இடுப்பு அவ்வளவுதான் விரிகிறது. பட்டன் வரிசையை நகர்த்தி நகர்த்தி ஒரே டயப்பரை மாதக்கணக்கில் ஓட்ட முடிவது இதனால்தான்.

பட்டனுக்கும் இடம் தீர்ந்தபின் பேட்டர்னைப் பெரிதாக்க வேண்டும். ஜெராக்ஸ் கடையில் கொடுத்து எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கினால் காலிடுக்குப் பட்டையும் சேர்ந்து அகலமாகி, எலாஸ்டிக் மறுபடி தொடைமேல் ஏறிவிடும். தாளைக் காலிடுக்குப் பட்டையின் நடுவே குறுக்காக வெட்டி, இரண்டு பாதிகளையும் 3 சென்டிமீட்டர் பிரித்து வைத்து, இடையே வேறு தாள் ஒட்டுங்கள். இறக்கைகளை மட்டும் பக்கத்துக்கு 2 சென்டிமீட்டர் நீட்டுங்கள். பட்டையின் அகலத்தைத் தொடாதீர்கள். பிறகு வளைவை மறுபடி அளந்து, தொடையை மறுபடி அளந்து, எலாஸ்டிக் நீளத்தைப் புதிதாகக் கணக்கிடுங்கள். பழைய 17 இதற்குச் செல்லாது. நல்ல துணியில் கத்தரிக்கோல் வைப்பதற்குமுன் கிழிந்த லுங்கியில் ஒன்று வெட்டி, எலாஸ்டிக்கைக் கைத்தையலாகக் கோத்து, குழந்தைக்கு அரைமணி நேரம் போட்டுப் பாருங்கள்.